சொல்லில் பொய் இல்லாத ஏமாற்று

அன்புள்ள மகளுக்கு,

பொய்யும் ஏமாற்றும் ஒன்றுதானே என்று கேட்டிருந்தாய். இல்லையம்மா. தானும் நம்பித் தப்பாகச் சொன்னால் பிழை. தெரிந்தே சொன்னால் பொய். ஏமாற்றுவதற்குப் பொய்யே வேண்டாம். உண்மைகளை அடுக்கிக் கொடுத்து, முடிவை மட்டும் நீயே தப்பாகப் போட்டுக்கொள்ள விட்டால் போதும். கைதேர்ந்தவர்கள் அப்பட்டமான பொய்யை முடிந்தவரை தவிர்ப்பார்கள். பொய் பிடிபடும், நீயாகப் போட்ட கணக்குக்கு அவர்கள் பொறுப்பில்லை.

கடனையே எடுத்துக்கொள். 12,000 கடன், 12 மாதத் தவணை, ‘ஃபிளாட் வட்டி 12 சதவீதம்’. வட்டி 1,440, மாதம் 1,120 கட்டுகிறாய். ஓர் எழுத்தும் பொய்யில்லை. ஆனால் மாதாமாதம் அசலில் 1,000 கழிகிறது. ஆறு தவணை முடிந்ததும் பாக்கி 6,000தான். வட்டியோ கடைசிவரை 12,000க்கு. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 21.5 சதவீதம் வரும். அதனால் ‘குறையும் அசலுக்கு எத்தனை சதவீதம், கட்டணமெல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு’ என்று எழுத்தில் கேள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடு.

புள்ளிவிவரப் பட்டை வரைபடத்திலும் இதே வேலை நடக்கும். அடிக்கோட்டை 0இல் இல்லாமல் 95இல் தொடங்கினால், 96இன் பட்டையைவிட 98இன் பட்டை மூன்று மடங்கு உயரமாகத் தெரியும்.

முதலில் நம்பிக்கையை வளர்த்துவிட்டுக் கவிழ்ப்பது வேறு ரகம். 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி, 45 நாளில் 50 சதவீத லாபம் என்றார். முதலில் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கவும் செய்தார், பின்னால் வந்தவர்களின் பணத்திலிருந்து. அஞ்சல் கூப்பன் (வேறு நாட்டில் தபால்தலையாக மாற்றிக்கொள்ளும் சீட்டு) வியாபாரம் என்பது அவர் சொன்ன காரணம். வாங்கிய பணத்துக்கு ஈடான கூப்பன்கள் உலகத்திலேயே புழக்கத்தில் இல்லை. ‘எனக்கு வந்ததே’ என்று யாராவது சொன்னால், எங்கிருந்து வந்தது என்று கேள்.

இப்போது தெரிந்தவர் குரலிலேயே போலி போன் வருகிறது; கணினியில் குரலை நகலெடுக்கச் சிறு ஒலிப்பதிவு போதும். அவசரமும் ரகசியமும் சேர்ந்து வந்தால், பேச்சை நடுவிலேயே முறித்துப் போனை வை. உன்னிடம் முன்பே இருக்கும் எண்ணுக்கு நீயே கூப்பிடு. திரையில் தெரியும் எண்ணை நம்பாதே, அதையும் போலியாகக் காட்டலாம்.

இன்னொன்று. ஏமாந்தவரைத் தேடி இரண்டாவது ஆள் வருவான்: ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் மட்டும் கட்டுங்கள்.’ ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறி விற்பனையாகிறது. சில நேரம் முதல் ஆளே வேறு பெயரில் வருவான்.

அன்புடன்,
அப்பா