வண்டி ஒரு பக்கமா இழுத்தா கலப்பையப் பாரு

அன்புள்ள அம்மிணி,

காங்கேயத்துக் கொறங்காட்டை, அதான் நம்ம மேய்ச்சல் காட்டை, இந்த மழைக்கு நீயே உழுது சோளம் விதைக்கப் போறேன்னு உங்கம்மா சொன்னா. ரொம்ப சந்தோசம் கண்ணு. ஆனா டிராக்டர் வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டுறியாமே? வேண்டாம். இறங்கிக் கலப்பையைப் பாரு.

ஆடு மாடு மிதிச்சு இறுகின மண்ணு அது. கொழுக்கட்டைப்புல்லு வேரு வேற. வட்டத் தட்டு மாதிரி சட்டி வெச்ச சட்டிக்கலப்பை போட்டது சரிதான். சட்டி மண்ணை வலப்பக்கம் தள்ளும், அந்த எதிர்ப்புல கலப்பை இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். அதைத் தாங்கத்தான் பின்னாடி சாய்வா ஒரு இரும்புச் சக்கரம். அது சாலோட, அதாவது உழுத பள்ளத்தோட, சுவரை ஒட்டி ஓடணும். மண் அப்பிச் சுத்தாம நின்னா வண்டி மூக்கு திரும்பத்தான் செய்யும்.

அடுத்தது மட்டம். முதல் சால் ஓட்டுறப்ப நாலு சக்கரமும் சமதரையில இருக்கும். ரெண்டாவதுல வலப்பக்கச் சக்கரம் சாலுக்குள்ள இறங்கிடும், வண்டியே சாயும், கலப்பையும் கூடவே சாயும். கலப்பையைத் தூக்குற வலது லிஃப்ட் கம்பியில இருக்கிற கைப்பிடியைச் சுத்தி அந்தப் பக்கத்தைத் தூக்கி விடு. நம்மூர்ல பாதிப் பேரு இதைத் தொடறதே இல்லை. காட்டைப் பார்த்தாலே தெரியும், ஒரு சால் பள்ளம், ஒரு சால் மேடு.

முன்சட்டி ஆழமாவும் பின்சட்டி மேலாவும் போனா டாப் லிங்க்கை, அதான் கலப்பையை வண்டியோட மேல நடுவுல சேர்க்கிற கம்பியை, கொஞ்சம் நீட்டு. பின்னாடி ஆழமாப் போனா குறுக்கு. ஒரு சுத்து சுத்தி, பத்தடி ஓட்டி, இறங்கிப் பாரு. கீழ ரெண்டு கை, மேல டாப் லிங்க்னு மூணு இடத்துல கலப்பையைப் பிடிக்கிற இந்த மூணு புள்ளி இணைப்புக்கு அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் 1926-ல காப்புரிமை வாங்கினார். கலப்பையை வண்டியோட ஒரே உடம்பா ஆக்குறது இதுதான். கலப்பை பக்கவாட்டுல ஆடாமப் பிடிக்கிற பக்கச் சங்கிலியை உழவுல கொஞ்சம் தளர்வா விடு, ரோட்டுல இறுக்கிடு.

ஓட்டுறப்ப பின்னாடியே திரும்பித் திரும்பிப் பார்க்காதே. கிளுவை வேலியில ஒரு மரத்தைக் குறி வெச்சு அதை நோக்கிப் போ. ஓரத்துல கலப்பையைத் தூக்கின பிறகுதான் திருப்பணும். மண்ணுக்குள்ள வெச்சே ஒடிச்சா லிஃப்ட் கைதான் வளையும்.

திருப்பத்துக்குன்னு இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனியா இருக்கிற பிரேக் பெடல் ரெண்டையும் பிரிச்சு வெச்சிருப்பே. தார் ரோட்டுல ஏறுறதுக்கு முன்னாடி கொக்கியைப் போட்டு ஒண்ணாச் சேர்த்துடு. வேகத்துல ஒரு பக்கம் மட்டும் மிதிச்சா வண்டி கவுந்துடும். இதுல மட்டும் அலட்சியம் கூடாது சாமி.

உன் மாமன்