லெட்சுமிக்கு, ஒரு சிறுமியின் கேள்வியோடு

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

லெட்சுமி,

தீபாவளிக்கு நீ கொடுத்து அனுப்பிய முறுக்கு டப்பா இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை, நீ கோபமாய்த்தான் இருப்பாய். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே. தம்பி ஈப்போவுக்கு மாறிப் போய்விட்டான். பழைய லயத்தை இடித்துவிட்டார்கள், உங்கள் வாசல் ரம்புத்தான் மரம் மட்டும் நிற்கிறது. சரி, இதெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தை அரைகுறையாய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், நாலு நாளாய் அது என்னைப் போட்டு அரிக்கிறது, அதற்குத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் பள்ளியில் அறிவியல் வாரம். ஆலை லேப்பில் வேலை செய்கிறவள் என்று ஆறாம் ஆண்டு பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டார்கள். கழிவுக் குளத்தைப் பற்றிப் பேசினால் மூக்கைப் பொத்துவார்கள் என்று, காற்றே இல்லாத இடத்தில் வாழும் உயிர்களைப் பற்றிப் பேசலாம் என்று போனேன். ஒரு உயரமான கண்ணாடிக் குவளையில் உப்பைக் கரைத்துக் கரைத்து, இனிமேல் கரையாது என்கிற வரைக்கும் கரைத்து, கேசரிப் பவுடர் கொஞ்சம் போட்டேன். மேலே கரண்டி முதுகில் வழியவிட்டுச் சாதாரணத் தண்ணீரை ஊற்றினேன். இரண்டும் கலக்கவே இல்லை. ஒரு முட்டையை விட்டேன், நல்ல தண்ணீரில் இறங்கி, சிவப்புத் தண்ணீரின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. வகுப்பே எழுந்து நின்றுவிட்டது, லெட்சுமி.

மத்தியதரைக் கடலுக்கு அடியில் இதே கதைதான். ஏறக்குறைய 59 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் அந்தக் கடலுக்கும் அட்லாண்டிக்குக்கும் இருந்த வழி அடைபட்டு, தண்ணீர் வற்றி, உப்புப் பாளம் பாளமாய்த் தங்கிவிட்டது. பிறகு கடல் திரும்பி வந்துவிட்டது. புதைந்த உப்பு இன்றைக்கும் கரைந்து பள்ளங்களில் தேங்கி நிற்கிறது. கிரீட் தீவுக்கு மேற்கே லாட்டலான்ட் என்று ஒரு பள்ளம், மூவாயிரம் மீட்டருக்கும் கீழே. கனமான தண்ணீர் மேலே கலப்பதில்லை, அதனால் ஆக்சிஜன் கீழே இறங்குவதும் இல்லை. போதாததற்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு வேறு, நம் ஆலையின் முதல் கழிவுக் குளத்துப் பக்கம் காற்றடித்தால் வருமே அந்த அழுகின முட்டை வாடை, அதுதான்.

அந்தச் சேற்றில் 1998 முதல் 2008 வரை மூன்று தடவை போய் அள்ளி வந்தவர்கள் இத்தாலியின் ரொபெர்ட்டோ டனோவாரோவும் அவர் ஆட்களும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத லோரிசிஃபெரா என்ற பிராணிகள் அதில் இருந்தன. உடம்பைச் சுற்றிக் கவசம் மாதிரி ஓடு, தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த இனத்தையே 1983-இல்தான் டென்மார்க்கின் கிறிஸ்டென்சன் முதன்முதலாக விவரித்தார். மணலை அவ்வளவு கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டிருக்குமாம், அவர் மணலை நல்ல தண்ணீரில் அலசியபோதுதான் பிடி விட்டதாம்! லாட்டலான்ட்டில் கிடைத்தவற்றின் செல்லில், ஆக்சிஜனை வைத்துச் சக்தி எடுத்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி உறுப்பு காணோம், அந்த இடத்தில் ஹைட்ரஜனோசோம் என்கிற வேறொரு உறுப்பு போல ஒன்று. பச்சையம்மா பாட்டியின் மாட்டு வயிற்றிலிருந்த நுண்ணுயிர்களில் சிலவற்றுக்கும் அதுதான் இருந்திருக்கும். ஆக்சிஜன் இல்லாமலே பிழைப்பு நடத்தும், ஹைட்ரஜனை வெளியே விடும். சில பிராணிகளின் உடம்புக்குள் ஒரு முட்டை தெரிந்தது. உரித்துப் போட்ட சட்டையும் கிடைத்தது. 2010-இல் அறிவித்தார்கள்: ஆக்சிஜனே இல்லாமல் வாழ்நாள் முழுக்க வாழும் முதல் விலங்கு.

இதை அப்படியே சொல்லி முடித்தேன். கடைசி வரிசையில், இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், கையைத் தூக்காமலே கேட்டாள்: "டீச்சர், அது உயிரோட இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்? செத்து மேலேர்ந்து விழுந்திருந்தா?"

கதிரியக்கம் ஏற்றிய லூசினை, அதாவது புரதம் கட்ட உதவும் ஒரு அமினோ அமிலத்தை, கொடுத்துப் பார்த்தார்கள், அது உடம்பில் சேர்ந்தது, அதனால் உயிரோடுதான் இருந்தது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. பத்தொன்பது வருஷமாய் நான் செய்கிற வேலை என்ன? குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து, 30 டிகிரியில் மூன்று நாள் வைத்து, எவ்வளவு ஆக்சிஜன் போயிற்று என்று பார்க்கிறேன். பாட்டிலில் ஒரு செத்த இலைத் துணுக்கு இருந்தாலும் ஆக்சிஜன் குறையும். இலையா மூச்சு விட்டது? இலையைத் தின்கிற பாக்டீரியா விட்டது. அந்தப் பிராணி செத்துக் கிடந்து, அதற்குள் புகுந்த நுண்ணுயிர்கள் லூசினைத் தின்றிருந்தால்?

எழுந்து தேடினேன். இதே கேள்வியைப் பெரியவர்கள் எப்போதோ கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்திலிருந்து ஜோன் பெர்ன்ஹார்டின் குழு 2011-இல் அதே பள்ளத்துக்குப் போயிருக்கிறது. 2015-இல் எழுதினார்கள்: செத்த உடல்களுக்குள் நுண்ணுயிர்கள் குடியேறியதாலும் உயிரோடு இருப்பது போலத் தெரிந்திருக்கலாம். டனோவாரோ விடவில்லை, அடுத்த வருஷமே பதில் எழுதினார். நான் படித்த வரையில் வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு அந்தப் பிராணியின் உடம்புக்குள் தெரிந்த முட்டையை மறக்க முடியவில்லை, அவர் சொன்னதே சரியாக இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஆனால் என் ஆசையையா பிள்ளைகளிடம் பாடமாய்ச் சொல்வது?

2020-இல் இன்னொன்று வந்திருக்கிறது. ஹென்னெகுயா என்று, சால்மன் மீனின் சதைக்குள் இருக்கும் ஒட்டுண்ணி, ஜெல்லிமீனுக்குச் சொந்தக்கார இனம். அதற்கு மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் தொகுதியே இல்லை, ஆக்சிஜனை வைத்துச் சக்தி எடுக்கும் வழியே இல்லை. அதனால் ஆக்சிஜனைப் பயன்படுத்தாத விலங்கு உண்டு என்று தைரியமாய்ச் சொல்லலாம். உப்புச் சேற்றில் இருப்பது உயிரா பிணமா என்பதுதான் பாக்கி.

வெள்ளிக்கிழமை திரும்பவும் போகிறேன், தலைமையாசிரியரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கிவிட்டேன். அந்தப் பெண்ணை முன்னால் கூப்பிட்டு, நீ கேட்டதுதான் கேள்வி என்று சொல்ல வேண்டும். பாட்டிலில் இலையைப் போட்டுக் காட்டலாம் என்றிருக்கிறேன். ஆனால் "இன்னும் முடிவாகவில்லை" என்று சொன்னால் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், அப்படியானால் எல்லாமே பொய்தானா என்று நினைத்துவிடுவார்களோ? முப்பது வருஷம் ஆறாம் ஆண்டு வகுப்பில் நின்றவள் நீ. உன் தமிழில் அதை எப்படிச் சொல்வாய்? எனக்கு உன்னை விட்டால் கேட்க ஆளில்லைடி.

வியாழனுக்குள் போன் பண்ணு, ஒன்பதுக்கு மேல், அப்போதுதான் ஷிஃப்ட் முடியும். டப்பாவில் அம்மா போட்ட மாங்காய் ஊறுகாயை வைத்து அனுப்புகிறேன்.

சரசு