கொடைக்கானல் உயரத்தில் ஒரு டூ-ஸ்ட்ரோக்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் நலம். நீங்கள், அண்ணி, பாப்பா, அம்மா எல்லோரும் நலமா? போன வாரம் போனில் "அந்தப் பனி வண்டியில அப்படி என்னதான்டா இருக்கு, சம்பளத்தையெல்லாம் அதுல போடுற"ன்னு கேட்டீர்கள், நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை, அதனால் எழுதுகிறேன். பட்டறையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.

நான் இருக்கிற ரெவல்ஸ்டோக், கனடாவில் மலைகளுக்கு நடுவில் உள்ள ஊர். ஒரு பக்கம் செல்கிர்க் மலை, மறுபக்கம் மொனாஷி, நடுவில் கொலம்பியா ஆறு. நல்ல மளிகை வாங்க கெலோனாவுக்கு இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். நவம்பரில் பிடிக்கிற பனி மேலே மே மாதம் வரை கிடக்கும். சரி, அதை விடுங்கள், வண்டிக்கு வருகிறேன்.

இங்கே அதை ஸ்லெட் என்பார்கள், ஸ்னோமொபைல் என்று முழுசாகச் சொன்னால் புது ஆள் என்று தெரிந்துவிடும். முன்னால் வழுக்குவதற்கு இரண்டு ஸ்கீ, பின்னால் புல்டோசருக்கு இருக்குமே அந்த மாதிரி சுற்றுகிற பட்டை, ஆனால் ரப்பர். அதன் மேல் இரண்டு அங்குலத்துக்கு மேல் துடுப்புத் துடுப்பாக நிற்கும், பனியை வாரித் தள்ளுவதற்கு. என்னுடையது 2005 மாடல், 800 சிசி, இரண்டு சிலிண்டர், இரண்டு கார்பரேட்டர், டூ-ஸ்ட்ரோக். ஆமாம் அண்ணே, டூ-ஸ்ட்ரோக்! நம்மூரில் செத்துப்போன சாதி இங்கே மலையில் ராஜாவாக இருக்கிறது. முதல் நாள் ஒர்க்ஷாப் கதவைத் திறந்ததும் டூ-டி ஆயில் எரிந்த வாசம் குப்பென்று வந்தது பாருங்கள், பழனி ரோட்டில் நம் பட்டறை வாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது. நம் ஆர்எக்ஸ் 100-க்கு 11 ஹெச்பி, இதற்கு 140 பக்கம். ஏன் இன்னும் டூ-ஸ்ட்ரோக் என்றால், அந்த இன்ஜின் லேசு, ஆழமான பனியில் எடைதான் எமன். ஒவ்வொரு கிலோவும் வண்டியைக் கீழே அமுக்கும், புதைந்தால் தோண்டி எடுக்கிறவன் நான்தான்.

நான் உங்களிடம் தொழில் கற்றவன், பவர் வேண்டும் என்றால் கை முதலில் சைலன்சருக்குத்தான் போகும். போன டிசம்பரில் ஒருத்தரிடம் பழைய ரேஸ் பைப் வாங்கி மாட்டினேன். சத்தம் பிரமாதம். மேலே கொண்டுபோய் ஓட்டினால் வண்டி சளி பிடித்த மாதிரி இழுக்கிறது, பிளக்கைக் கழற்றினால் கரி. நமக்குத் தெரியாததா? வத்தலக்குண்டில் துள்ளுகிற ஆர்எக்ஸ், பெருமாள்மலை தாண்டினால் முனகும், காற்று மெலிந்துவிடும், பெட்ரோல் மட்டும் அதே அளவு வரும். நான் ஓட்டுகிற மலைமுகடு கிட்டத்தட்ட கொடைக்கானல் உயரம், ஊரோ 480 மீட்டர். நீங்கள் அப்போது செய்த மாதிரியே கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற ஓட்டையான மெயின் ஜெட்டைச் சின்னதாகப் போட்டேன். பிளக் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்தது, வண்டியும் பறந்தது. அன்று முழுக்க சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

சாயங்காலம் கீழே இறங்கினேன். அடிவாரத்தில் மரலாரி போகிற பாதை, நேராக, காலியாக இருந்தது. மைனஸ் 24. முழு திராட்டில் கொடுத்தேன். அரை நிமிஷம் இருக்கும், ஒரு "கிக்" சத்தம், பட்டை அப்படியே நின்றது, நான் ஹேண்டில்பாருக்கு மேலே போய்விட்டேன். புரிந்திருக்குமே உங்களுக்கு. மேலே மெலிந்த காற்றுக்கு வைத்த ஜெட், கீழே உறைந்து கெட்டியான காற்றில் பெட்ரோல் போதவில்லை. மறுநாள் ஹெட்டைத் திறந்தேன், பிளக் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, ஒரு பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்க ஓரம் மெழுகாக உருகி வழிந்திருந்தது. உயரத்தைப் பற்றி யோசித்தேன், குளிரைப் பற்றி யோசிக்கவே இல்லை. நம்மூரில் அந்தக் கணக்கே கிடையாதே! சிலிண்டருக்குள்ளே நிக்கல் பூச்சு, நம்மூர் மாதிரி போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் தள்ளிவிட முடியாது, பூச்சு மறுபடி போட வெளியூருக்கு அனுப்ப வேண்டும். பாதி மாதச் சம்பளம் போச்சு. அம்மாவுக்கு அந்த மாதம் பணம் குறைவாக வந்ததற்குக் காரணம் இதுதான், இப்போது சொல்லிவிட்டேன், திட்டிக்கொள்ளுங்கள்.

ஒர்க்ஷாப் முதலாளியம்மா உருகின பிஸ்டனைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "மேலே முழு திராட்டிலில் எத்தனை ஆர்பிஎம் காட்டியது?" 7,300 என்றேன். அந்த இன்ஜினுக்கு முழு பவர் வருவது 7,800 பக்கம். அப்போதுதான் உறைத்தது, நான் காசு போட்டுச் சேர்த்த பவரை கிளட்ச்சே தின்றுகொண்டிருக்கிறது.

இதில் கியர் கிடையாது. ஆக்டிவாவில் ரோலர் மாற்றுவீர்களே, அதே தத்துவம். முன் கிளட்ச்சில் ரோலருக்குப் பதிலாக மூன்று எடைத்துண்டுகள், வேகம் ஏற ஏற விரிந்து பெல்ட் ஓடுகிற கப்பியை நெருக்கும், பெல்ட் மேலே ஏறும். எடை அதிகமாக இருந்தால் பெல்ட் சீக்கிரம் மேலே போய்விடும், டாப் கியரில் மேடு ஏறுகிற பஸ் மாதிரி இன்ஜின் மூச்சு வாங்கும். கொடைக்கானல் உயரத்தில் காற்று மெலிந்ததாலேயே ஐந்தில் ஒரு பங்கு பவர் போய்விடும், கடல் மட்டத்துக்குப் போட்ட எடையை அது எப்படித் தூக்கும்? முதலாளியம்மா நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று வைத்திருக்கிறார், அதில் நிறுத்து மூன்றையும் கால் கிராம்கூட வித்தியாசம் இல்லாமல் தேய்த்துக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் நாலு கிராம் குறைத்தோம். மேலே போய்ப் பார்த்தால் 7,800, நடுங்காமல் நிற்கிறது. செலவு ஒன்றுமே இல்லை அண்ணே, அரை நாள் வேலை. அந்தப் பைப்பை இப்போது பாதி விலைக்கு விற்கப் பார்க்கிறேன், ஒருவரும் கேட்கவில்லை.

ஜெட் விஷயத்தில் இப்போது கோழையாகிவிட்டேன். ஒரு சைஸ் பெரியதாகவே வைத்து ஓட்டுகிறேன், இறங்கும்போது திராட்டிலை முறுக்குவதில்லை (முறுக்குவது என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், இதில் கட்டைவிரலால் அமுக்க வேண்டும், முதல் மாதம் விரல் வீங்கிவிட்டது). காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிளம்புவதும் இல்லை, பிஸ்டன் சட்டென்று சூடாகி விரியும், சிலிண்டர் இன்னும் சில்லென்று இருக்கும், பிடித்துக்கொள்ளும்.

பவரைவிட ஓட்டம்தான் எனக்குப் பெரிய பாடம். மலைச்சரிவில் குறுக்காகப் போக வேண்டும் என்றால் வண்டியைச் சரிவின் மேல்பக்கமாகச் சாய்த்து, ஒரு ஸ்கீ அந்தரத்தில் தொங்க, பட்டையின் ஓரத்திலேயே நிறுத்தி ஓட்ட வேண்டும். ஸ்கீயை எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் வண்டி நம் பக்கம் சாயும். என் வண்டியோ சாயவே மறுத்தது, இழுத்து இழுத்துத் தோள்பட்டை போனது. முன்னால் இரண்டு ஸ்கீக்கும் நடுவே இருந்த அகலத்தைக் குறைத்தோம், அவ்வளவுதான், எருமையாக இருந்தது கன்றுக்குட்டியாகிவிட்டது. ஆனால் கெட்டிப் பாதையில் வளைவில் கொஞ்சம் தள்ளாடும், அது இருக்கட்டும். அடுத்தது பின் சஸ்பென்ஷனில் ஒரு வார்ப்பட்டை, மேடு ஏறும்போது முன்பக்கம் தூக்காமல் பிடித்துவைக்கும். நான் ஆசையில் இரண்டு ஓட்டை இறுக்கினேன், மூக்கு பனிக்குள் சொருகிக்கொண்டு கிணறு வெட்டியது. ஒரு ஓட்டை விட்டேன், சரியானது. ஹேண்டில்பாரை உயர்த்துகிற துண்டு ஒன்றை முந்தைய ஓனர் போட்டிருந்தார், இங்கே எல்லோரும் ஆறடி, என் உயரத்துக்கு அது கொடிக்கம்பி மாதிரி இருந்தது, கழற்றிப் போட்டேன்.

இன்னொன்று, அம்மாவிடம் சொல்ல வேண்டாம். 2010 மார்ச்சில் இதே ஊர் போல்டர் மலையில் வண்டிகள் உயரம் ஏறிக் காட்டிக்கொண்டிருந்தபோது சரிவு மொத்தமாகக் கழன்று கீழே நின்ற கூட்டத்தின் மேல் வந்தது, இரண்டு பேர் போய்விட்டார்கள். பவர் கூடினால் முன்பு ஏற முடியாத சரிவில் ஏறலாம், அந்தச் சரிவுதான் கழலவும் செய்யும். அதனால் தினமும் காலையில் பனிச்சரிவு அறிக்கையைப் பார்க்காமல் கிளம்ப மாட்டேன், அதை வெளியிடுகிற அவலாஞ்ச் கனடாவின் தலைமையகமே இந்த ஊரில்தான். பனியில் புதைந்தவரைத் தேடி எடுக்க நெஞ்சில் சிக்னல் கருவி, முதுகில் மண்வெட்டியும் நீளக் குச்சியும். தனியாகப் போவதில்லை. ஒர்க்ஷாப் பையன் ஒருத்தன் கூட வருவான், ஒருவர் ஏறினால் மற்றவர் ஒதுங்கி நின்று பார்ப்போம். அம்மாவிடம் இது பனியில் ஓடுகிற டிராக்டர் என்று சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

ஒரு வேலை இருக்கிறது உங்களுக்கு. என் பழைய டூல் பெட்டியில் ஜெட் ஓட்டை சுத்தம் செய்கிற மெல்லிய பித்தளைக் கம்பிக் கட்டு ஒன்று இருக்கும், நீங்கள் சைக்கிள் டியூப் ரப்பரில் சுற்றிக் கொடுத்தது. இங்கே கிடைக்கிறது கைக்கு வரவில்லை, யாராவது கனடா வந்தால் கொடுத்தனுப்புங்கள். சனிக்கிழமை கூப்பிடுகிறேன், உங்களுக்கு ராத்திரி ஒன்பது, எனக்குக் காலை ஏழரை. உங்களுக்கு ஒன்பதரைக்கு மேல் ஆனால் நான் மலைக்குக் கிளம்பியிருப்பேன், டவர் இருக்காது.

அன்புத் தம்பி