92-இல் நின்ற கை

ஜான்சன் சிட்டி, டென்னசி
அக்டோபர் 19, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் நலம். நீ, அத்தான், சின்னவன், அம்மா எல்லாரும் நலந்தானே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து இன்னும் சொட்டு மருந்து போகிறது என்றாய். அதனால் இதை நீதான் படித்துக் காட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் "சாப்டியா, அங்க குளுரா" என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு அம்மா போனை உன்னிடம் தந்துவிடுகிறாள். கடிதமென்றால் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. எங்களைச் சுற்றி அப்பலாச்சியன் மலை. இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக மாறுவதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நமக்கு அது சருகு கூட்டுகிற வேலை. நல்ல இட்லி அரிசிக்கு இன்னமும் 100 மைல் தள்ளி நாக்ஸ்வில் போய்த்தான் வருகிறோம். பாப்பா பள்ளிக்கூடத்தில் இந்த ஊர்க்காரர்கள் மாதிரியே இழுத்து இழுத்துப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள். அவள் பேசுவது அவள் அம்மாவுக்கே சில நேரம் புரிவதில்லை. ஆஸ்பத்திரி வேலையில் எனக்கு வழக்கம்போல முட்டி, தோள், இடுப்பு என்று வலியோடு வருபவர்கள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "பதினோரு வயசுல வீணையை விட்டுட்டு ஓடினவன், நாற்பத்தொண்ணுல மாண்டலினா? அதுவும் ஸ்பீடு ஸ்பீடுனு புலம்பறே?" என்று போன வாரம் சிரித்தாய். பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. இது அந்தப் பதில்.

மாண்டலின் என்றதும் உனக்கு ஸ்ரீநிவாஸ்தான் ஞாபகம் வருவார். அவர் வாசித்தது மின்சார மாண்டலின், ஒற்றை ஒற்றைத் தந்தி. இங்கே இருப்பது எட்டு எஃகுத் தந்தி, இரண்டிரண்டாக நான்கு ஜோடி. சுருதி வைப்பது இந்த ஊர் வயலின் மாதிரியே. நீ வீணையில் ஒரு மீட்டுக்குள் தந்தியை இழுத்து மூன்று நான்கு ஸ்வரம் கொண்டுவந்துவிடுவாய். நான் வாசிக்கும் இந்த ஊர் இசையில் கமகம் கிடையாது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனியாக ஒரு அடி விழ வேண்டும். பாரம் முழுக்க வலது கைக்கு.

இதற்குப் புளூகிராஸ் என்று பெயர். கென்டக்கி மாநிலத்துக்காரர் பில் மன்ரோ தன் குழுவுக்கு வைத்த பெயர்தான் கடைசியில் அந்த இசைக்கே நின்றுவிட்டது. அவர் கையிலிருந்த மாண்டலின் 1923-இல் செய்தது. அதில் கையெழுத்துப் போட்ட லாய்ட் லோர் என்பவரின் கையெழுத்தோடு வந்த மாண்டலின்கள் இன்றைக்கு லட்சம் டாலருக்கு மேல் போகின்றன. (என்னுடையது செகண்ட்ஹேண்ட். விலையை அம்மாவிடம் சொல்லாதே.) மாண்டலின், வயலின், பாஞ்சோ, கிட்டார், ஆளுயரத்துக்கு நிற்கும் பாஸ், இவ்வளவுதான் கச்சேரி. மிருதங்கம் மாதிரி எதுவும் கிடையாது. பாஸ் முதல் தட்டையும் மூன்றாவதையும் பிடித்துக்கொள்ளும். இரண்டாவதிலும் நான்காவதிலும் மாண்டலின்காரர் எல்லாத் தந்தியையும் 'சக்' என்று அடித்து உடனே அமுக்கிவிட வேண்டும். அதற்குச் சாப் என்று பெயர். நன்றாக விழுந்தால் யாரோ முறத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கும்.

எங்கள் ஊரிலிருந்து 25 மைலில் பிரிஸ்டல் என்று ஒரு ஊர். அதன் கடைத்தெரு நடுவில் டென்னசிக்கும் வர்ஜீனியாவுக்கும் எல்லை ஓடுகிறது. இந்தப் பக்கம் காபி வாங்கினால் ஒரு மாநிலம், எதிர்ப்பக்கம் போனால் இன்னொன்று. 1927-இல் ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் அங்கே வந்து இறங்கி, மலையிலிருந்து வந்த ஜனங்களைப் பாடவைத்துப் பதிவு செய்தார்களாம். இங்குள்ள பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது. ஆனால் நான் போவது அங்கெல்லாம் இல்லை. வியாழக்கிழமை ராத்திரி ஒரு பழைய ஹார்டுவேர் கடையின் பின்னறை. பத்துப் பன்னிரண்டு நாற்காலி வட்டமாகப் போட்டிருக்கும். யாராவது ஒரு பெரிய பாத்திரத்தில் மொச்சை மாதிரி ஒரு பயறுச் சாறும் சோள ரொட்டியும் கொண்டுவந்து வைப்பார்கள்.

முறை என்னவென்றால், ஒருவர் மெட்டின் பெயரையும் சுருதியையும் சொல்லித் தொடங்குவார். பிறகு வட்டத்தில் ஆளுக்கு ஒரு தரம் அந்த மெட்டை வாசிக்க வேண்டும். மற்றவர்கள் அடக்கித் தாங்குவார்கள். நம் தனி ஆவர்த்தனம் போலத்தான், ஆனால் ஒருவருக்கு அரை நிமிஷம். முடிக்க வேண்டுமென்றால் தொடங்கியவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். அம்மா பார்த்தால் "யாருக்கு நேரா காலை நீட்டறான்" என்று எழுந்து போய்விடுவாள்.

முதல் முறை என் முறை வந்தபோது இரண்டாவது வரியில் விழுந்தேன். விழுந்தேன் என்றால், வலது கையும் இடது கையும் வேறு வேறு வீட்டுக்குப் போய்விட்டன. பக்கத்துப் பாஞ்சோக்காரர் ஒன்றுமே நடக்காத மாதிரி அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த மெட்டில் என் முறை வந்தபோது தலையை ஆட்டித் தாண்டச் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் அப்படியே தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கணக்குச் சொல்கிறேன், நீ கணக்குக்காரி. மெட்ரோனோமை (நிமிஷத்துக்கு இத்தனை தட்டு என்று தட்டிக் காட்டும் கருவி) 60-இல் வைத்து ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் வாசித்தால் விநாடிக்கு நான்கு. அது சும்மா நடப்பது. வேகமான மெட்டுகளை இவர்கள் 120, 130 என்று ஓட்டுகிறார்கள். 120 என்றால் விநாடிக்கு எட்டு அடி. கீழ் ஒன்று, மேல் ஒன்று, கீழ் ஒன்று, மேல் ஒன்று. நான் 60-இல் தொடங்கி வாரத்துக்கு நாலைந்தாக ஏற்றிக்கொண்டே போனேன். 92 வந்ததும் நின்றுவிட்டது. 94 வைத்தால் கை கட்டையாகிவிடும். ஆறு வாரம் தினம் ஒரு மணி நேரம் அந்த 92-இல் முட்டிக்கொண்டேன். இவள் ஒருநாள் சமையல்கட்டிலிருந்து, "அந்த ஒரே வரியை மாத்தி வேற வரியை அழ வையுங்களேன்" என்றாள்.

அப்புறம் முழங்கை வலி வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. இதே வலியோடு வருபவர்களிடம்தான் நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை, "வலிக்க ஆரம்பிச்சதும் நிறுத்தணும், விடாம செய்யக்கூடாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் கையை நானே பிடித்துப் பார்த்து, மூன்று வாரம் வாத்தியத்தைத் தொடக்கூடாது என்று எனக்கே சீட்டு எழுதிக்கொண்டேன்.

அந்த மூன்று வாரமும் வியாழக்கிழமை வெறுங்கையோடு போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன். எங்கள் வட்டத்தில் ஒரு தாத்தா, எழுபத்தெட்டு வயது. எர்வினில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாரையும்விட வேகமாக வாசிப்பவர் அவர். ஆனால் அவர் கை அசைவதே தெரியாது. மணிக்கட்டு மட்டும், சாவியைத் துவாரத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பது போல. அவர் சிறுவயதில் கற்றது ரெக்கார்டு கேட்டுத்தானாம். நிமிஷத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய ரெக்கார்டை 16-இல் ஓட்டுவார்களாம். பாதி வேகம், ஒரு ஸ்தாயி கீழே. பசுமாடு கத்துவது போல ஒலிக்கும், ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் கேட்கும் என்றார்.

நான் எப்படிப் பிக் பிடிக்கிறேன் என்று காட்டச் சொன்னார். பிக் என்றால் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த தடிமனில் ஒரு முக்கோண வில்லை. உனக்கு நகம் எப்படியோ எனக்கு அது. காட்டினேன். அவர் அதை என் விரலிடுக்கிலிருந்து உருவப் பார்த்தார், வரவில்லை. "ஒரு நாளைக்கு இது எத்தனை தடவை கீழே விழுகிறது?" என்றார். விழுந்ததே இல்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "இரண்டு தடவையாவது விழணும்" என்றார்.

அக்கா, இது என் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கையை மடக்க ஒரு தசை, நீட்ட ஒரு தசை. பதற்றத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் இறுகும். பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை அழுத்துவது மாதிரி. 92 என் கையின் எல்லை இல்லை, பிரேக்கின் எல்லை. வீட்டுக்கு வந்து போனில் ஸ்லோமோஷனில் என் கையைப் படம் எடுத்துப் பார்த்தேன். ஒரு தந்தியை அடித்துவிட்டுப் பிக் மூன்று ஜோடி தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது! கடைத்தெருவுக்குப் போக ஊரைச் சுற்றிப் போகிறவன் மாதிரி.

வலி போனதும் ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். இடது கை வேண்டாம், திறந்த தந்தி மட்டும். தந்தியை விட்டுப் பிக் அரிசி அகலத்துக்கு மேல் விலகக் கூடாது. பிறகு ஒரு ஜோடியிலிருந்து அடுத்ததற்குத் தாண்டுவது. கீழே அடித்துவிட்டுக் கீழ் ஜோடிக்குத் தாண்டி மேல் அடி அடிப்பது ஒரு சுகம். மேல் அடித்துவிட்டு அதே கீழ் ஜோடிக்குத் தாண்டிக் கீழ் அடிப்பது ஒரு சனியன். இரண்டுக்கும் தனித்தனியாகப் பத்து நிமிஷம். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து பிக் எத்தனை முறை விழுந்தது என்று சிலேட்டில் கோடு போடுவாள். முதல் நாள் பதினான்கு கோடு. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு விஷயம் எனக்கு உடனே வந்தது. அதற்குக் காரணம் நீ. தட்டு விழும் இடத்தில் கீழ் அடி, நடுவில் மேல் அடி, இது மாறவே கூடாது. மெட்டில் ஒரு ஸ்வரம் நீண்டு நின்றாலும் கை நிற்காமல் காற்றில் போய்வர வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளப் பலர் மாதக்கணக்கில் சிரமப்படுகிறார்கள். நான் சின்ன வயதில் உன் எதிரில் உட்கார்ந்து ஆதி தாளம் போட்டவன்தானே. வீச்சுக்குச் சத்தம் கிடையாது, ஆனாலும் கை போகும். தாத்தாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். சுண்டுவிரல் எண்ணுவதைப் பார்த்துவிட்டு, மறுபடி போடச் சொல்லி மூன்று முறை பார்த்தார்.

ஆனால் 92-ஐத் தாண்ட அது மட்டும் போதவில்லை. ஒருநாள் எரிச்சலில் மெட்ரோனோமை அப்படியே 60-இல் விட்டுவிட்டு, நீ சொல்லித்தந்த மாயாமாளவகௌளை சரளி வரிசையை மாண்டலினில் எடுத்தேன். தட்டுக்கு இரண்டு, நான்கு, பிறகு எட்டு. எட்டு என்றால் இவர்கள் கணக்கில் 120. நான்கு தட்டு தாங்காது என்று தெரியும். அதனால் ஒரே ஒரு தட்டு எட்டில், மூன்று தட்டு சும்மா, மறுபடி ஒரு தட்டு. வந்துவிட்டது அக்கா! கோணல்மாணலாக, ஆனால் இறுகாமல். இங்கே ஏணியில் ஏறுகிற மாதிரி இரண்டிரண்டாக ஏற்றுகிறார்கள். நீ தாளத்தை அசையவிடாமல் அதற்குள் இரண்டு மடங்காக மடித்துக்கொண்டே போவாய். பதினோரு வயதில் நான் இரண்டாம் காலத்தில் ஓடிப்போனது ஏனென்று இப்போது தெரிகிறது. நான் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருந்தேன். விநாடிக்கு எட்டை எவன் எண்ணுவான்? தட்டை மட்டும் நினைத்தால் நடுவில் உள்ளவை ஒரு பிடி அரிசி மாதிரி சேர்ந்தே வருகின்றன. நீ அப்போதும் இதைத்தான் சொல்லியிருப்பாய். எனக்கு உன் கையிலிருந்த ஸ்கேல் மட்டும்தான் ஞாபகம்.

இப்போது 112 வரை முழு மெட்டும் தாங்குகிறது. வியாழக்கிழமை தலையை ஆட்டுவதில்லை. 130-க்குப் போனால் பாதி ஸ்வரத்தை விட்டுவிட்டு எலும்பை மட்டும் வாசிக்கிறேன். எல்லா ஸ்வரமும் போட்டுத் தடுக்குவதைவிட அதுதான் நன்றாக இருக்கிறது என்று பாஞ்சோக்காரர் சொன்னார். பாராட்டா என்று தெரியவில்லை.

உன்னிடம் இரண்டு வேண்டும். ஒன்று, பச்சை அட்டை போட்ட உன் பழைய நோட்டில் ஜண்டை வரிசையும் அலங்காரமும் இருக்கும் பக்கங்களை சின்னவனை விட்டுப் படம் எடுத்து அனுப்பு. தாத்தா கேட்கிறார்.

இரண்டாவது, இந்த மலைக்கு அந்தப் பக்கம் வட கரோலினாவில் பிறந்தவர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்று பெரிய பாஞ்சோ வித்வான். சிறுவயதில் அவரும் அவர் சகோதரர் ஹோரஸும் வீட்டு முன்னால் ஒரு மெட்டைச் சேர்ந்து தொடங்கி, வாசித்துக்கொண்டே ஆளுக்கொரு திசையில் வீட்டைச் சுற்றி நடப்பார்களாம். ஒருவர் வாசிப்பது ஒருவருக்குக் கேட்காது. மறுபடி சந்திக்கும்போது இருவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். காலப்பிரமாணத்துக்கு அப்படி ஒரு சாதகம்! உன்னிடம் படிக்கும் பெண்களில் இரண்டு பேரை மோகன வர்ணம் பாடிக்கொண்டே நடக்கவிட்டுப் பாரேன். நம் வீட்டைச் சுற்ற முடியாது, இரண்டு பக்கமும் பொதுச்சுவர். தெருவைத்தான் சுற்ற வேண்டும். பிள்ளையார் கோயில் முக்கில் சந்திப்பார்கள். நீ அங்கே போய் நின்றுகொள், எந்தப் பெண் எந்த வரியில் வந்தாள் என்று எழுது.

அத்தானுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம். சின்னவனுக்கு ஜெர்கின் தனியாக அனுப்பியிருக்கிறேன், கை கொஞ்சம் நீளமாக இருக்கும்.

அன்புடன்,
தம்பி