சங்கரனுக்கு: மீனு அரங்கேற்றம் உங்கம்மா வீட்டு டிவியில் ஓடிய கதை

அன்புள்ள சங்கரா,

இங்கே எல்லாரும் சுகம். வசந்திக்கு முட்டி வலி, அது உனக்குத் தெரிந்த கதைதான். மெல்போர்ன் குளிரில் நீயும் உயிரோடு இருப்பாய் என்று நம்புகிறேன். "என்னாச்சுலே, ஓடுதா?" என்று வாட்ஸாப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நழுவிக்கொண்டே இருக்கிறேன். விஷயம் கட்டைவிரலில் அடங்காது, அதனால்தான் இந்தக் கடிதம். காப்பி போட்டுக்கொண்டு வந்து படி.

மீனு அரங்கேற்ற வீடியோ அம்பாசமுத்திரத்தில் ஓடுகிறது. உங்கம்மா முழுக்கப் பார்த்தாகிவிட்டது. இனி உன்னை வைது முடிக்கிறேன்.

ஏலே, நீ அனுப்பியது என்ன? இரண்டு மணி பத்து நிமிஷம், 4கே, ஒரே கோப்பு, இருபது ஜிபிக்கு மேல். அவ்வளவு பெரிய கோப்பு, பென்டிரைவில் கோப்புகளை அடுக்கும் பழைய முறையான ஃபேட்32-ல் உட்காராது, அதில் ஒரு கோப்புக்கு 4 ஜிபிதான் வரம்பு. அதனால் பென்டிரைவைப் புது முறையான எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்து அனுப்பிவிட்டாய். அம்மா வீட்டு டிவிடி பிளேயருக்கு ஃபேட்32 தவிர வேறு எதுவும் தெரியாது. செருகினால் பென்டிரைவே இல்லை என்கிறது. சரி என்று சின்னத் துண்டாக வெட்டி வேறொன்றில் போட்டுக் கொடுத்தால், இந்த வகை ஆகாது என்கிறது. பிளேயர் 2008-ல் வாங்கியது. உன் போன் வீடியோவைச் சுருக்கி எழுதும் ஹெச்இவிசி முறை தரமாக வெளிவந்ததே 2013-ல். அதைப் போய் இது எப்படிப் படிக்கும்?

உடனே நீ ஃபோனில், "அந்தப் பழசத் தூக்கிப் போடு, ஸ்மார்ட் டிவி ஆர்டர் பண்ணிடுறேன்" என்றாய். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. உங்கம்மா அந்தப் பிளேயரைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்குவார்கள். இடது ஓரம் அழுத்தினால் தட்டு வெளியே வரும், தகட்டை விரல் படாமல் விளிம்பில் பிடித்து வைப்பார்கள், உள்ளே தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ரிமோட்டில் பிளே பொத்தானின் எழுத்து தேய்ந்தே போய்விட்டது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் பிளேயரின் நெற்றியில் இன்னும் இருக்கிறது. எதிர்வீட்டில் ஸ்மார்ட் டிவி இருக்கிறதே, போய்ப் பார்க்கலாமே என்றேன். "போயி பாத்தேன்யா. அது எங்கிட்ட கேள்வி கேக்கு" என்றார்கள். அப்டேட் வேண்டுமா, வைஃபை எது, யார் பார்க்கிறீர்கள். நியாயமான புகார்தானே?

ஆக அம்மா மாற வேண்டாம், பிளேயரும் மாற வேண்டாம், கோப்பு மாறட்டும் என்று உட்கார்ந்தேன். வசந்தி சொல்கிறாள், எனக்கு நாற்பத்தெட்டு வயதில் மறுபடி ஹாஸ்டல் பைத்தியம் பிடித்துவிட்டதாம். அவளுக்கென்ன தெரியும், நாம் ஒரு முழுப் படத்தை 700 எம்பி சிடியில் அடக்குவதற்காக ராத்திரி பூராவும் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, காலையில் நம் சோடாபுட்டிப் பயல் கால் தடுக்கி பிளக்கைப் பிடுங்கியது!

பிளேயரின் முகப்பில் டிவ்எக்ஸ் முத்திரை இருக்கிறது, பார்த்திருப்பாய். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்ற கடைக்காரர்கள் டிவ்எக்ஸ் என்று ஒரு வாடகைத் தகட்டைக் கொண்டுவந்தார்கள், இரண்டு நாள்தான் பார்க்கலாம். 1999-லேயே மூடிவிட்டார்கள். மைக்ரோசாப்டின் எம்பெக்-4 கோடெக்கை, அதாவது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் நிரலை, உடைத்துத் திறந்த பிரெஞ்சுக்காரர் ஜெரோம் ரோட்டா, கிண்டலுக்கு அந்தப் பெயரையே வைத்தார். கிண்டலாக வைத்த பெயர் கடைசியில் உங்கம்மா வீட்டுப் பிளேயரில் முத்திரையாக வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் பயன்படுத்தியது அதன் பங்காளி எக்ஸ்விட். இலவசம், அதுவும் இந்தப் பிளேயரில் ஓடும்.

ஓடும் என்றால் சொன்னபடி கேட்டால்தான் ஓடும். 720-க்கு 576-க்கு மேல் பெரிய படம் கூடாது. படத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கட்டும் பழைய பொட்டலமான ஏவிஐ கோப்பாக இருக்க வேண்டும். க்யூபெல், ஜிஎம்சி என்று எக்ஸ்விட்டில் இரண்டு வித்தைகள் உண்டு, படத்தைக் கொஞ்சம் அழகாக்கும். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது சரி, பிளேயரின் சின்னச் சிப்பு திணறிவிடும். இரண்டையும் அணைக்க வேண்டும். ஒலி ஏஏசி வடிவில் ஆகாது, எம்பி3 வேண்டும், அதுவும் சீரான பிட்ரேட்டில், அதாவது வினாடிக்கு ஒரே அளவு தகவலாக. பிட்ரேட் ஏறி இறங்கும் எம்பி3-யை ஏவிஐக்குள் வைத்தால் பல பிளேயர்கள் கணக்குத் தப்பி, போகப் போக ஒலி விலகிவிடும். உன் போன் வேறு சீரான வேகத்தில் எடுப்பதில்லை, வெளிச்சத்தைப் பார்த்து வினாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை தனிப்படம், என்பதை மாற்றிக்கொண்டே போகும். அதையும் நிலையான ஒரே எண்ணுக்குக் கட்ட வேண்டும். ஒருவர் நின்று பேசும் வீடியோவில் இதெல்லாம் தெரியாது. பரதநாட்டியத்தில் தட்டுக்கழி ஒலி ஓர் இமை முன்னால் விழுந்து, பாதம் பின்னால் விழுந்தால், உங்கம்மா விடுவார்களா? ஏழு வருஷம் கற்றுக்கொண்டவர்கள் அல்லவா!

எந்த எண்ணுக்குக் கட்டுவது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பால் (PAL) என்ற நம் ஊர் டிவி முறையின் கணக்குப்படி வினாடிக்கு 25 ஃபிரேம். உன் போன் எடுத்தது 30. முப்பதில் ஐந்தைத் தூக்கி எறிந்தால் வினாடிக்கு ஐந்து இடத்தில் சின்னதாக ஒரு வெட்டு விழும். ஒரு துண்டை இரண்டு விதமாகவும் செய்து பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். 25-ல் மீனுவின் கை நொண்டுகிறது. அமெரிக்காக்காரன் டிவி முறையான என்டிஎஸ்சியின் கணக்குப்படி 29.97-லேயே விட்டால் ஜதியை முடிக்கும் அந்தத் தீர்மான அடவு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. இங்கே விற்ற பிளேயரும் பழைய குழாய் டிவியும் இரண்டையும் காட்டும், அதனால் பிரச்சினையே இல்லை.

எக்ஸ்விட் கோப்பில் இன்னொரு விஷயம். வினாடிக்கு 1500 கிலோபிட் படம், 192 கிலோபிட் ஒலி என்று வைத்தேன், மொத்தம் 1.65 ஜிபி வந்தது. சராசரி சரிதான், ஆனால் ஜதி வேகமெடுக்கும் இடத்தில், பின்னால் ஜிகினாத் திரை வேறு, ஒவ்வொரு ஃபிரேமும் ஏகப்பட்ட தகவலைக் கேட்கிறது. பிளேயருக்குள் ஒரு சின்ன நினைவகம்தான் இருக்கிறது. மாடித் தொட்டி மாதிரி வைத்துக்கொள்: மோட்டார் ஒரே அளவில் ஏற்றுகிறது, கீழே எல்லாக் குழாயையும் திறந்தால் தொட்டி வறண்டுவிடும். வறண்டால் படம் நின்று நின்று ஓடும். எக்ஸ்விட்டில் ஹோம் என்ற ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் உச்சத்தையும் அதுவே கட்டுப்படுத்திவிடும். அப்புறம் ஜதியில் தடங்கலே இல்லை.

இவ்வளவும் செய்து முடித்துவிட்டு, நான் அம்மாவுக்குக் கடைசியில் கொடுத்தது அந்தக் கோப்பு இல்லை! சிரிக்காதே. ஏவிஐ என்றால் திரையில் கோப்புப் பெயர்ப் பட்டியல் வரும், அம்பை நகர்த்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளே தள்ளியதும் தானே ஓடுவது பழைய அசல் டிவிடிதான். ஆகவே அதே படத்தை டிவிடிக்கான எம்பெக்-2 வடிவாக்கி, டிவிடி ஸ்டைலர் என்ற மென்பொருளில் போட்டு, தகடாக எழுதினேன். 4.7 ஜிபி தகட்டை இரண்டு மணி பத்து நிமிஷத்தால் வகுத்தால் வினாடிக்கு 4.8 மெகாபிட் கிடைக்கிறது, தாராளம். எக்ஸ்விட் கோப்பு உன் தங்கை வீட்டுக்கு, அவளுக்குப் பட்டியல் பார்க்கத் தெரியும்.

குழாய் டிவி ஓரங்களைத் தின்னும் என்பதை நீ மறந்திருப்பாய். முதல் தகட்டில் மிருதங்கக்காரர் பாதி ஆளாகத்தான் இருந்தார். படத்தைக் கொஞ்சம் சுருக்கிச் சுற்றிலும் கறுப்பு விட்டதும் முழு மனிதராகத் திரும்பி வந்துவிட்டார். வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதலாகப் பிடிக்கும் உன் போனின் ஹெச்டிஆரால் மீனுவின் அரக்குப் பட்டு சாம்பல் பூத்துப் போயிருந்தது, அதையும் சரிக்கட்டினேன். இதற்கெல்லாம் எனக்குக் கூலி வேண்டும்.

சங்கரா, இப்போது விளையாட்டில்லை. அம்மா பார்க்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். அலாரிப்பு முடிந்தது, ஜதிஸ்வரம் முடிந்தது, ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "சங்கரன் எங்க?" என்று கேட்டார்கள். அவன்தான் எடுத்தது, பின்னால் நிற்கிறான் என்றேன். வர்ணத்தின் நடுவே யாரோ குறுக்கே போகிறார்கள், உன் குரல் கேட்கிறது: "கொஞ்சம் குனிஞ்சு போங்க." அவ்வளவுதான். அதைத் திருப்பிப் போடச் சொன்னார்கள். மறுபடியும் சொன்னார்கள். டிவிடியில் உருப்படிக்கு ஒன்றாக அத்தியாயம் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து தகட்டை மறுபடி எழுதினேன். இப்போது உன் குரலுக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அதனால் ஒரு வேலை செய். போனைப் படுக்கை வசமாக எங்காவது சாய்த்து வைத்துவிட்டு, நீ எதிரே உட்கார்ந்து பேசு. கால் மணி நேரம் போதும். என்ன சமைத்தாய், வேலையில் யார் கழுத்தறுக்கிறான், மீனு படிக்கிறாளா, எதுவாக இருந்தாலும் சரி. 1080, 30 ஃபிரேம், ஹெச்டிஆரை அணைத்துவிடு. வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பாதே, அது நசுக்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பு, அல்லது கூகுள் டிரைவில் போட்டு இணைப்பைக் கொடு. மாற்றித் தகடாக்குவது என் பொறுப்பு.

எனக்கு இருக்கும் கவலை பிளேயரின் லென்ஸ்தான். சில தகடுகளை இப்போதே இரண்டு தரம் தள்ளினால்தான் படிக்கிறது. பாளையங்கோட்டையில் அதைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் இப்போது சிசிடிவி மாட்டப் போய்விட்டார். சோனியே 2025 பிப்ரவரியோடு பதிவு செய்யும் ப்ளூ-ரே தகட்டை நிறுத்திவிட்டது, டிவிடியை யார் சீந்தப்போகிறார்கள்? அதே மாடல் பிளேயர் பழையது ஒன்று கிடைத்தால் வாங்கி என் பீரோவில் பூட்டி வைத்துவிடுவேன், பணம் நீ தருகிறாய்.

அப்புறம், சோடாபுட்டி மகளுக்கு தை மாதம் கல்யாணம். பத்திரிகை உனக்கும் வரும், வராவிட்டால் சண்டை போடு. பெருமாள் சார் உன்னைக் கேட்டார், வழக்கம்போல அந்தப் பன்னிரண்டு ரூபாயையும் கேட்டார். டிசம்பரில் வருவதாக இருந்தால் டிக்கெட் போட்டதும் சொல். வரும்போது நல்ல வெற்று டிவிடி ஒரு கட்டு வாங்கி வா, இங்கே கிடைப்பதில் பாதி எழுதும்போதே செத்துவிடுகிறது.

உன்
சுப்பு