தேங்க்ஸ்கிவிங் விருந்து: யார் என்ன கொண்டு வருகிறீர்கள்?

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் நான்காம் வியாழன், அமெரிக்காவின் நன்றி சொல்லும் நாளான தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வான்கோழி ஏற்பாடாகிவிட்டது. தொட்டுக்கொள்ளவும் இனிப்புக்கும் யார் என்ன செய்கிறீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே எழுதிவிடுங்கள்.

வான்கோழிக்குத் தொட்டுக்கொள்ளும் கிரான்பெர்ரி (புளிப்பான சிவப்புப் பழம்) சாஸை மட்டும் தயவுசெய்து டின்னில் வாங்காதீர்கள். 340 கிராம் பாக்கெட் பழத்துக்கு ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், அவ்வளவுதான். பத்து நிமிடம் கொதித்தால் பழம் படபடவென்று வெடிக்கும். இறக்கும்போது நீர்க்க இருந்தாலும் ஆறியதும் தானே இறுகிவிடும். கொஞ்சம் ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டால் மணம் ஆளைத் தூக்கும்.

நம்மில் சைவம் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் போடும் மார்ஷ்மெல்லோ மிட்டாயில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. அதற்குப் பதில் பீக்கன் பருப்பும் பழுப்புச் சர்க்கரையும் தூவுங்கள். எனக்கு அதுதான் ருசி. ஸ்டஃபிங்கை (ரொட்டித் துண்டுக் கலவை) கோழிச் சாறு இல்லாமல் காய்கறிச் சாறு ஊற்றி, வான்கோழிக்குள் அடைக்காமல் தனித் தட்டில் சுடுங்கள்.

பூசணி பையை (pie, மாவு ஓட்டில் பூசணி விழுது ஊற்றிச் சுடும் இனிப்பு) முந்தின நாளே செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். சுடும்போது நடுவில் லேசாக ஆடும்போதே அவனிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள், அதிகம் வெந்தால் வெடிப்பு விடும். அப்புறம், பீன்ஸ் கேசரோலுக்கு (அவனில் சுடும் பீன்ஸ் பதார்த்தம்) இரண்டு வீட்டார் சொல்லிவிட்டார்கள், அது போதும்.