சிரட்டைக் கரிக்கு ஆற்றங்கரையில் ஒரு வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாமிரபரணி பாழாவதைப் பற்றி எழுதும்போதெல்லாம் சாக்கடை, பழைய துணி, பிளாஸ்டிக் என்று எழுதுகிறோம். மருந்தைச் சேர்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாதே!

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். மருந்தாளுநராக இருந்தபோது, காலாவதியான சிரப் பாட்டில்களை மூடி திருகி வாஷ்பேசினில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிடுவேன். ஆரஞ்சு நிறம் சுழன்று இறங்கி, வெளுத்து, வெறும் தண்ணீராகிவிடும். போயே போச்சு என்று நினைப்பு. பாட்டிலைப் பளிச்சென்று கழுவி வைத்ததற்குப் பாராட்டு வேறு.

விழுங்குகிற மாத்திரையும் ஆற்றுக்குத்தான் வருகிறது. சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின், உடம்பில் மாறாமல் சிறுநீரோடு வந்துவிடும். வலிப்புக்கான கார்பமசெபின், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தையே கிட்டத்தட்ட முழுசாகத் தாண்டிவிடும். அந்த நிலையங்கள் மலக்கழிவுக்காகக் கட்டியவை, மருந்தைப் பிடிக்க அல்ல. நோயாளியை விட்டு வெளியேறிய மருந்து சும்மா இருக்காது. மாட்டுக்குப் போட்ட வலிமருந்து டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-ல்தான் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.

தண்ணீரில் கலந்த மருந்தைப் பிடிக்கும் கரிக்கான சரக்கு நம் பக்கத்திலேயே கிடக்கிறது: சிரட்டை, பனங்கொட்டை, ரைஸ்மில் உமி. ஆனால் அடுப்புக்கரி வேறு, மருந்தைப் பிடிக்கும் இந்தக் கரி வேறு. நான் சொன்னதைக் கேட்ட பக்கத்து வீட்டு அண்ணாச்சி, மறுநாளே பானைத் தண்ணீரில் நாலு அடுப்புக்கரியைப் போட்டுவைத்தார். கறுப்புத் தண்ணீர்தான் மிச்சம். சிரட்டைக் கரியை 900 டிகிரி வாக்கில் நீராவியில் பக்குவப்படுத்தினால்தான் உள்ளே நுண்துளைகள் திறக்கும். அப்புறம் ஒரு கிராம் கரிக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். நம் கணக்கில் 25 சென்ட் நிலம், ஒரு சிட்டிகைக்குள்! தமிழ்நாட்டில் இப்படிச் செய்த கரி தூத்துக்குடியிலிருந்து கப்பலேறுகிறது.

கார்பமசெபினும் டைக்ளோஃபினாக்கும் அந்தத் துளைகளில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். மெட்ஃபார்மின் அவ்வளவாக ஒட்டாது. தண்ணீரை விட்டுப் பிரிய மனசு வராத மருந்து அது. ஆகவே எல்லா மருந்தையும் பிடிக்கும் என்று யாராவது ஃபில்டர் விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இன்னொன்று, சாக்கடையில் நேராகக் கரியைப் போட்டால் மற்ற அழுக்கே துளைகளை அடைத்துவிடும். வழக்கமான சுத்திகரிப்பெல்லாம் முடிந்த தண்ணீரைக் கடைசியாக இதன் வழியே விடவேண்டும். சுவிட்சர்லாந்தில் 2016 முதல் சட்டம் போட்டு, தேர்ந்தெடுத்த நிலையங்களில் கரியோ ஓசோனோ வைத்து இவ்வகை நுண்கழிவில் 80 சதவீதத்தை நீக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அவ்வளவு பெரிதாக நான் கேட்கவில்லை. நெல்லையில் ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கழிவுநீர் நிலையத்துக் கடைசியில், நம் ஊர் சிரட்டைக் கரியால் ஒரு தொட்டி வைத்து ஒரு வருஷம் ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே போகிற தண்ணீரையும் வெளியே வருகிறதையும் மாதாமாதம் சோதித்து உங்கள் பத்திரிகையிலேயே வெளியிடட்டும். தீர்ந்த கரியை ஆற்றோரம் கொட்டாமல், மறுபடி சூடேற்றிப் புதுப்பிக்கவோ உயர்வெப்பத்தில் எரிக்கவோ ஏற்பாடு வேண்டும். இல்லாவிட்டால் பிடித்த மருந்தை நாமே திருப்பிக் கொடுத்த கதையாகிவிடும்.

என் வீட்டு பிஸ்கட் டின்னில் காலாவதி மாத்திரைகள் விளிம்பு வரை சேர்ந்துவிட்டன. இப்போது வாஷ்பேசினில் கொட்ட மனசு வரவில்லை. பாளையங்கோட்டையில் எங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று தெரிந்த வாசகர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
பாளையங்கோட்டை.